ஆதிரையின் நிகர எடை

ஒரு செல்போனின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு, தன் பேத்தியின் மூளையை வெளியே உருவி எடுத்த ஆள் இந்த உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்று திருமேனி சொல்லுவார். கூடவே பதினைந்து மாதத்துச் சோற்றையும் எடுத்ததாகச் சொல்லுவார். மணிக்கட்டில் பல் பட்ட தழும்பு நாலைக் காட்டுவார்.

உறையூரில் அவர் குடியிருக்கும் தெருவில் எல்லோரும் நம்பினார்கள். கறிக்கடைக்காரர் நம்பினார். தபால்காரம்மா நம்பினார். சிலிண்டர் போட வந்த ஆள் படியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு, மிச்ச வீடுகளுக்கு சிலிண்டர் போடாமலே போய்விட்டார். அவ்வளவு நம்பிக்கை.

அது நடந்த நாளில் நம்பாமல் நின்றவர் ஒரே ஒருவர். அவர் ஒரு முழம் தள்ளி நின்று கண்ணால் பார்த்தவர். திருமேனியின் சம்பந்தி பொன்னுரங்கம். லால்குடியில் கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர்.

திருமேனி ஓய்வு பெற்றது எடையளவு ஆய்வாளர் வேலையிலிருந்து. முப்பத்தொரு வருடம். அவர் காந்தி மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் தராசு முட்கள் தாமாகவே நேராக நிமிர்ந்து நிற்கும். மூட்டைக்குள் வெங்காயம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இப்போதும் வெளியே கிளம்பினால் துணிப்பையில் ஒரு மடக்குத் தராசும் பித்தளைப் படிக்கற்களும் இருக்கும். சிலர் குடை கொண்டு போகிறார்கள். அது போலத்தான்.

ஒரு புதன்கிழமை மதியம் மகள் வீட்டுக்குப் போனார். வீடு அன்றைக்கு மூன்றாவது மாடியில் இருந்தது.

மாப்பிள்ளை பிரதீபன் கதவைத் திறந்தான். அவன் கழுத்து குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து நின்றுபோய் ஒரு வருடம் ஆகிறது. அதனால் வருகிறவர்களைப் பாதத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டான்.

“வாங்க மாமா. நகம் வெட்டிருக்கீங்க போல.”

உள்ளே கயல்விழி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை சுவர் டிவியில் ஓடிய தொடரில் இருந்தது. கை மட்டும் தன்பாட்டுக்குக் கிண்ணத்துக்கும் மடிக்கும் போய் வந்தது. மடியில் இருந்தது செல்போன்.

பேத்தி ஆதிரை எதிர்ச்சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தாள்.

திருமேனி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். போனுக்குச் சார்ஜர் செருகும் இடத்தில் வாய் வந்திருந்தது. நாலு பால்பல். ரசஞ்சோற்றை அது சப்புக்கொட்டி மென்றது. ஸ்பீக்கர் ஓட்டைகள் வழியாகப் பருக்கையும் எச்சிலும் கொழகொழவென்று வழிந்தன. கழுத்து மடிப்புகளில் பழைய பால் திரண்டு, அழுக்காகி, ஆப்பச்சட்டி அடி மாதிரி ஒட்டியிருந்தது. இடுப்பில் வெள்ளி அரைஞாண். கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு. நாற்றம் வாசலுக்கு வந்து அவரை வரவேற்றது.

“கயலு, என்னம்மா இது?”

“ரசஞ்சோறுப்பா.”

“யாருக்கு ஊட்டுற?”

கயல்விழி ஒரு நொடி மடியைப் பார்த்தாள். “முதல்ல இவளுக்குத்தான் ஊட்டினேன். இவ போனப் பாத்தாதான் வாயத் தொறப்பா. அப்புறம் போனக் காட்டினா வாயத் தொறக்கவே மறந்துட்டா. அது தொறந்துச்சு. அதுக்கே குடுத்துட்டேன். சமத்துப்பா. அஞ்சு நிமிஷத்துல கிண்ணம் காலி.”

போன் ஏப்பம் விட்டது. “நண்பர்களே, மறக்காம மணிய அமுக்குங்க,” என்றது.

திருமேனி ஆதிரையிடம் போய்க் குனிந்தார். ரெண்டேகால் வயது. நெற்றியில் கீறல் விழாமலிருக்கக் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தார்கள். தொப்புளில் ஒயர் செருகியிருந்தது. எண்பது சதவீதம் ஏறியிருந்தாள். மண்டையை மெதுவாகத் தட்டினார். டிக், டிக் என்றது. முகம் வழவழவென்று இருந்தது. இஸ்திரி போட்ட முகம்.

“ஆதிரை, தாத்தா வந்திருக்கேன் பாரு.”

ஆதிரை ஆள்காட்டி விரலால் அவர் முகத்தை இடப்பக்கம் தள்ளினாள். முகம் போகவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள். அதன் பிறகு அவர்மேல் அவளுக்கு அக்கறை இல்லை.

திருமேனி தராசை எடுத்தார். போனை நிறுத்தார். பதினோரு கிலோ நானூறு கிராம். தட்டு பிசுபிசுத்தது. துடைத்துவிட்டுப் பேத்தியை நிறுத்தார்.

நூற்றுத் தொண்ணூறு கிராம்.

“கயலு, இதுல ஒன்னு தப்பா இருக்கு.”

“உங்க தராசு பழசுப்பா,” என்றாள் கயல்விழி. பிறகு போனுக்கு வாய் துடைத்து, பவுடர் போட்டாள். “கெளம்பணும். நாலு மணிக்குள்ள ஸ்கூல் சேர்க்கை.”

“யாரச் சேக்கப் போறீங்க?”

பிரதீபன் அவருடைய கால்களைப் பார்த்துச் சொன்னான். “ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு குழந்தைதான் மாமா. எடை போட்டுப் பாப்பாங்க. எது கூடவோ அத எடுத்துப்பாங்க. இன்னொன்ன வாசல் தட்டுல வச்சிட்டு வந்துடணும்.”

“வச்சிட்டு?”

“எக்ஸ்சேஞ்ச் மாமா. திருப்பித் தர மாட்டாங்க.”

அதைச் சொல்லும்போது அவன் குரல் லேசாகப் பிசிறியது. ஆனால் கட்டைவிரல் நிற்கவில்லை.

கீழே பொன்னுரங்கம் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பள்ளித் தாளாளர் அவருடைய பழைய மாணவர் என்பதால் சிபாரிசுக்கு வந்திருந்தார்.

“என்ன சம்பந்தி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒங்க பையன் வீட்டுல போனுக்குப் பல்லு மொளச்சிருக்கு, சம்பந்தி.”

“போனுக்குப் பல்லு மொளைக்காது.”

“கயலு இடுப்புலதான் இருக்கு. பாருங்க.”

பொன்னுரங்கம் பார்த்தார். போன் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. சட்டையில் வாந்தியெடுத்தது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார். “மேக மூட்டமா இருக்கு. அதான் அப்படித் தெரியுது.”

பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் உள்ளே நடை நீளம். யாராவது போனைப் பார்க்கும்போதெல்லாம் நடைபாதை பத்தடி வளர்ந்தது. இருபுறமும் பெற்றோர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அது வளர்ந்துகொண்டே இருந்தது. மடிகளில் கொழுத்த போன்கள். சட்டை போட்ட போன்கள். ஒன்றுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். ஒன்று ஜட்டியை நனைத்துவிட்டு வீறிட்டது, ஆறு பேர் ஓடிவந்து கொஞ்சினார்கள். குழந்தைகள் கைப்பைகளில் இருந்தார்கள். பைகளுக்குள்ளிருந்து நீல வெளிச்சம் வந்தது. தரை முழுக்க எச்சில். நடக்க நடக்கச் செருப்பு ஒட்டிப் பிரிந்து சத்தம் போட்டது.

வாசல் தட்டு பித்தளையில் பெரியதாக இருந்தது. ஏற்கெனவே பதினாலு குழந்தைகளை அடுக்கியிருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. திருமேனி எண்ணிவிட்டு, தன் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்த பேத்தியை எடுத்து உள்பைக்கு மாற்றிக்கொண்டார்.

ஜன்னலில் பகல் பதினோரு சதவீதம் இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்து மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது. பகல் அணைந்தால் நாலு மணி. அதற்கு மேல் மனு வாங்க மாட்டார்கள்.

சேர்க்கை பார்க்கும் மேடம் உள்ளே கூப்பிட்டார்.

“மாடு எப்படிக் கத்தும்?”

“மாடு ம்மா என்று கத்தும்,” என்றது போன். “இதைப் போல இன்னும் ஐநூறு மாடுகளைக் காண, கீழே தொடுங்கள்.”

“அபாரம்.” மேடம் மேசையில் நின்ற ஆதிரை பக்கம் திரும்பினார். “இது?”

ஆதிரை விரலை நீட்டி மேடத்தின் முகத்தை இடப்பக்கம் தள்ளினாள். முகம் நகர்ந்து போனது. வேறொரு முகம் வந்தது. மீசை வைத்த முகம். அதையும் தள்ளினாள். மூன்றாவதாக வந்த முகத்தைப் பார்க்காமலே கையைக் கீழே போட்டாள்.

“பேசுமா?” என்றது மூன்றாவது முகம்.

“மூணு வார்த்த பேசினா மேடம்,” என்றாள் கயல்விழி. “பத்தாவது மாசத்துல. அப்புறம் காணல.”

“தேடினீங்களா?”

கயல்விழி போனின் திருஷ்டிப்பொட்டைச் சரிசெய்தாள்.

மேடம் மேசைமேல் இருந்த மின்தராசில் போனைத் தூக்கி வைத்தார். மேசைக்கால் முனகியது. “பதினொன்னு நானூறு. இதுதான் குழந்தை. அதக் கொண்டுபோய்த் தட்டுல வைங்க.”

பியூன் கையை நீட்டினான்.

“நில்லுங்கம்மா,” என்றார் திருமேனி.

அந்தக் குரலை மார்க்கெட் கேட்டு ஆறு வருடம் ஆகிறது. அறையில் இருந்த பேனாக்கள் நேராக நின்றன. அவர் தராசைப் புரட்டி அடியைப் பார்த்தார்.

“இந்த வருஷ முத்திரை எங்க?”

“போன வருஷம் இருந்துச்சு,” என்றார் மேடம்.

“முத்திரை இல்லாத தராசுல நிறுத்தது செல்லாது. என் தராசுலதான் நிறுக்கணும். சரி, ஸ்வீட் கடையில கால் கிலோ அல்வாவ அட்டைப்பெட்டியோட நிறுத்துக் குடுத்தா என்னம்மா ஆகும்?”

“அபராதம்.”

“இது பெட்டி.” போனைச் சுட்டிக் காட்டினார். “உள்ள இருக்கறத எடுத்துட்டு நிறுக்கணும். எனக்கு வேண்டியது நிகர எடை.”

மேடம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்டப் பக்கம் கூடியது. கடைசியில் மூடிவிட்டார். “சரி. காலி பண்ணுங்க. பகல் ஒம்போது சதவீதம்தான் இருக்கு.”

“சம்பந்தி,” என்றார் பொன்னுரங்கம், “கௌரவமா வந்த எடத்துல கடையப் பரப்பாதீங்க. போனுக்கு உள்ள என்ன இருக்கும்? பேட்டரி இருக்கும்.”

“நீங்க அந்தக் காலப் பிடிங்க.”

“போனுக்குக் காலே கிடையாது.”

“அப்ப உதைக்கிறது என்னங்க?”

பொன்னுரங்கம் கிடையாத கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திருமேனி சட்டைக்கையை மடித்து, வாய்க்குள் கையை விட்டார். போன் கடித்தது. வெதுவெதுப்பாக, சொதசொதவென்று, ஊறவைத்த துணி மூட்டைக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. அவர் இழுத்தார்.

முதலில் சோறு வந்தது. பருப்புச்சோறு, ரசஞ்சோறு, தயிர்சோறு. மசித்த வாழைப்பழம் கறுத்துப்போய்க் கட்டி கட்டியாக வந்தது. பச்சைப் பூஞ்சை பூத்த இட்லி எழுபது. சத்துமாவுக் கஞ்சி ஒரு குடம். நெய்யில் முடி சுற்றிக்கொண்டிருந்தது. அறையில் முழங்கால் அளவு ஏறியது. மேடத்தின் மூன்றாவது முகம் மூக்கைப் பொத்திக்கொண்டு தானாகவே நகர்ந்து, இரண்டாவது முகத்தை அனுப்பியது. மீசையால் அந்த நாற்றத்தைத் தாங்க முடிந்தது.

அதற்குப் பிறகு தூக்கம் வந்தது. பால் ஆடை மாதிரி, மடிப்பு மடிப்பாக, நாலாயிரம் மணி நேரம். எறும்பை உட்கார்ந்து பார்த்தது வந்தது. தவழ்ந்து போய்ச் செருப்பை வாயில் வைத்தது வந்தது. விழுந்து எழுந்தது ஒரு கொத்து. ‘காக்கா’ என்ற சொல் எச்சில் நூலோடு வந்தது. அதன் பின்னாலேயே ‘ம்மா’, ‘ப்பா’. இன்னும் சொல்லாத சொற்கள் ஐந்தாறு நூறு, மீன்முட்டை போல ஒன்றோடொன்று ஒட்டி, வழுக்கிக்கொண்டு வந்தன.

கடைசியாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று. சுருள் சுருளாக, மடிப்பு மடிப்பாக, கறிக்கடையில் குடல் உருவுகிற மாதிரி அவர் உருவிக்கொண்டே இருந்தார். முடிவு தெரியவில்லை. அப்புறம் ‘பளக்’ என்று விட்டது. அவர் பின்பக்கமாகக் கஞ்சியில் விழுந்தார்.

“இது என்ன?” என்றது மீசை முகம்.

“எங்க வீட்டுப் பொருள்,” என்றார் திருமேனி.

“நூலா இருக்கலாம்,” என்றார் பொன்னுரங்கம். அவர் வேட்டி தொடை வரைக்கும் நனைந்திருந்தது.

போன் தட்டையாகிக் கிடந்தது. மடக்குத் தராசில் நிறுத்தார்கள். நூற்றுத் தொண்ணூறு கிராம். ஆதிரையும் நூற்றுத் தொண்ணூறு. முள் நடுவில் நின்றது.

“சமம்,” என்றார் மேடம். “சமமா இருந்தா நல்லாப் பேசறத எடுத்துப்போம். எட்டு சதவீதம்.”

“இத அவளுக்குள்ள திருப்பி வைக்கிறோம்மா,” என்றார் திருமேனி. “அப்புறம் நிறுங்க.”

வைக்கப் பார்த்தார்கள். வாயில் ஊட்டினால் உள்ளே போகவில்லை. காதில் வைத்தால் வழுக்கி விழுந்தது. கண்ணாடித் தாளைப் பிய்த்துவிட்டு நெற்றிமேல் வைத்தார்கள், உள்ளே இறங்காமல் அங்கேயே நின்றது. பியூன்தான் சொன்னான். அவன் அதுவரை பேசியதில்லை.

“மொகத்தப் பாத்துப் பேசணும். பதிலு வர்ற வரைக்கும் நிக்கணும். அவ்ளோதான். யாரும் நிக்கறதில்ல.”

பிரதீபன் முயன்றான். கழுத்து நிமிரவில்லை. குப்புறப் படுத்துப் பார்த்தான், மல்லாந்து பார்த்தான். கட்டைவிரல் காற்றில் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருந்தது. “அப்பா, என்னால முடியலப்பா,” என்று பொன்னுரங்கத்தின் பாதத்தைப் பார்த்துச் சொன்னான்.

கயல்விழி கஞ்சிக்குள் மண்டியிட்டாள். மகளின் முகத்துக்கு நேரே வந்தாள். கண் தானாகச் சுவரைப் பார்த்து ஓடியது. தன் மோவாயைத் தன் கையாலேயே பிடித்து, துருப்பிடித்த குழாயைத் திருப்புவது போலத் திருப்பினாள். கிறீச்சென்றது.

“ஆதிரை.”

ஒன்றுமில்லை. அஞ்சு நொடி. கயல்விழிக்கு உடம்பெல்லாம் அரித்தது. பத்து நொடி. அவள் உதட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. “சொல்றதுக்கு ஒன்னும் தோணலப்பா,” என்றாள்.

“தோணறதச் சொல்லும்மா.”

“ஆ காட்டு,” என்றாள் கயல்விழி. “ஆதிரை, ஆ காட்டு.”

காத்திருந்தாள். ஜன்னலில் ஒரு சதவீதம் போனது. இன்னொன்று போனது. நடைபாதை ஒரு அடி சுருங்கியது.

ஆதிரை கண்ணைச் சிமிட்டினாள். ‘களுக்’ என்று ஒரு சுருள் உள்ளே போனது. நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. கயல்விழிக்கு அழுகை வந்தது. ஆதிரை அந்த அழுகையைப் பார்த்தாள். இன்னொரு சுருள் போனது. கயல்விழி சிரித்தாள். ஆதிரை வாயைக் கோணினாள். சுருள் சுருளாகப் போனது, எச்சில் தெறிக்க, கொப்பளிக்கிற சத்தத்தோடு. பார்க்கச் சகிக்கவில்லை. யாரும் கண்ணை எடுக்கவில்லை.

தொப்புள் ஒயர் தானாகக் கழன்று விழுந்தது. மூக்கு ஒழுகியது. அதைப் பார்த்துத் திருமேனி பெருமைப்பட்டார். இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து ஒழுகியது.

நிறுத்தார்கள். பத்து கிலோ எண்ணூறு. கயல்விழியே தூக்க முடியாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

“சரி,” என்றார் மேடம். “சாட்சிக் கையெழுத்து வேணும். மூணு சதவீதம் இருக்கு.”

திருமேனி பேனாவை எடுத்தார்.

“நீங்க நம்பறவர். நம்பறவங்க சாட்சி செல்லாது. நம்பறவங்க எத வேணா நம்புவாங்க. நம்பாதவங்க ஒருத்தர் நடந்துச்சுன்னு எழுதணும். இல்லாட்டி தட்டு.”

எல்லோரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். பிரதீபன் அவருடைய செருப்பைப் பார்த்தான்.

“சம்பந்தி, போடுங்க.”

“எப்படிங்க போடறது? நாப்பது வருஷம் கணக்கு எடுத்தவன் நான். நூத்தித் தொண்ணூறு கிராம் போன் பதினொன்ற கிலோ ஆகாது. ஆக முடியாதது ஆகல. ஆகாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஒங்க பேத்தியத் தட்டுல வைப்பாங்க.”

“அதுவும் நடக்காது.”

பியூன் கயல்விழியிடமிருந்து குழந்தையை வாங்கக் கையை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்தாள். “மாமா,” என்றாள், “அது நீங்க வாங்கிக் குடுத்த போனு. மொதப் பொறந்தநாளுக்கு. புள்ள அழாம இருக்கும்னு சொல்லி.”

பொன்னுரங்கம் போனைப் பார்க்காமல் வேட்டியைப் பிழிந்தார்.

“அதனாலதாம்மா,” என்றார், “நடக்கலங்கறேன்.”

இரண்டு சதவீதம். அறை மங்கியது.

ஆதிரை அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். கஞ்சிக்குள் தொம்மென்று உட்கார்ந்தாள். இரண்டு கையையும் உள்ளே விட்டுத் துழாவினாள். ஒரு உருண்டை உருட்டினாள். பழைய தயிர்சோறு. பச்சையாகப் பூத்திருந்தது. நடுவில் முடி ஒன்று தொங்கியது. எழுந்து, தடுமாறி, பொன்னுரங்கத்தின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். விரலால் தள்ளவில்லை.

“தாத்தா,” என்றாள். “ஆ காட்டு.”

பொன்னுரங்கம் அவளைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். அவர் எத்தனையோ பேரைப் பதில் வரும் வரை நிற்க வைத்தவர். யாரும் அவருக்காக இப்படி நின்றதில்லை.

குனிந்தார். வாயைத் திறந்தார்.

உருண்டை உள்ளே போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நறநறவென்றது. தொண்டைக் குமிழ் ஒரு தடவை ஏறி, நின்று, யோசித்து, இறங்கியது. முடியின் நுனி உதட்டோரம் தெரிந்தது. அதையும் உறிஞ்சி விழுங்கினார்.

ஆதிரை அடுத்த உருண்டையை உருட்ட ஆரம்பித்தாள்.

“பேனாவக் குடுங்க சம்பந்தி,” என்றார் பொன்னுரங்கம். காகிதத்தை மேடத்தின் மேசையில் வைத்து, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினார். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்.

“நடந்தது. நான் வாங்கிக் குடுத்த அன்னையிலேருந்து நடந்துது. நான் பாத்தேன்.”